கெடிலத்துக்கு வழி

பதினெட்டு மடிக்கணினி. பதினெட்டின் மூடியிலும் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. திறந்து பார்த்தால் பதினெட்டுத் திரையிலும் ஒரே சிவப்புக் கட்டம்: ‘கெடிலம் என்ற கணினியைக் கண்டறிய இயலவில்லை.’

செந்தமிழ்ச்செல்விக்கு முதலில் கோபம்தான் வந்தது. பயம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம் வரும், சின்ன வயதிலிருந்தே அப்படி. கெடிலம் என்று அவள் எங்கேயும் தட்டவே இல்லையே. தட்டாத பெயர் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது?

மணி பத்து இருபது. பத்தரைக்குப் பரீட்சை.

கோமுகிக் கரை கல்வி அறக்கட்டளையில் கணினிப் பிரிவு என்றால் அவள்தான். மேலே ஆளில்லை, கீழே ஆளில்லை. நைனார்பாளையத்தில் குத்தகை நிலத்தில் மரவள்ளி போடும் குடும்பம். அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். “வாய மூடிக்கினு இருந்தா நீ எங்கயோ போயிருப்படி” என்று அம்மா சொல்வாள். “வாயத் தொறந்ததாலதாம்மா இந்த எடத்துக்காவது வந்தேன்” என்பாள் இவள்.

அறக்கட்டளை வருடத்துக்கு ஒருமுறை நுழைவுப் பரீட்சை வைத்துப் பத்துப் பேரைச் செவிலியர் படிப்புக்கு அனுப்புகிறது. கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. போன வருடம் வரைக்கும் கல்வராயன் மலைப் பிள்ளைகளும் கள்ளக்குறிச்சிக்கு இறங்கித்தான் எழுத வேண்டும். பத்து மணிப் பரீட்சைக்கு விடிகாலையிலேயே கிளம்ப வேண்டும், பேருந்து வந்தால். ‘மலையிலேயே ஒரு மையம் போடுங்க’ என்று ஆறு மாதமாகச் சண்டை போட்டு வாங்கியவள் செந்தமிழ்ச்செல்வி. வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சமுதாயக் கூடத்தை வாடகைக்குப் பிடித்து, விடிவதற்கு முன் ஜீப்பில் கணினிகளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியாயிற்று. கேள்வித்தாள் கீழே கள்ளக்குறிச்சித் தலைமை அலுவலகத்துச் சர்வரில் இருக்கிறது. ஒவ்வொரு கேள்வியும் அங்கிருந்துதான் வர வேண்டும், ஒவ்வொரு விடையும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும். பகல் ஒரு மணிக்குள் தொடங்காதவர்களுக்குக் கேள்வித்தாள் திறக்காது. அது அறங்காவலர் குழு போட்ட விதி. மாற்ற அவளால் ஆகாது.

“இன்னாக்கா, மலைன்னா மெஷினுக்கும் எளக்காரமா?”

மூன்றாவது மேசையில் இருந்த பெண் கேட்டாள். வளர்மதி. ஈச்சங்காட்டிலிருந்து நடந்து வந்தவள். பாவாடை ஓரத்தில் செம்மண் இன்னும் ஈரம்.

“ஒக்காரு. பாத்துக்கினு இருக்கேன்ல.”

“ஒக்காந்துதான கீறோம். எழுத வுடுங்கன்னுதான் கேக்கறேன்.”

நாலு பேர் சிரித்தார்கள். வளர்மதி சிரிக்கவில்லை. அவள் விண்ணப்பத்தைச் சரிபார்த்தபோதே செந்தமிழ்ச்செல்விக்குக் கதை தெரியும். முதல் வருடம் மலைப்பாதையில் மரம் விழுந்து பேருந்து பாதியில் நின்றது. இரண்டாம் வருடம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள், பட்டியலில் பெயர் இல்லை. விண்ணப்பம் யாரோ ஒருவருடைய மேசை இழுப்பறையில் தூங்கியிருக்கிறது. இது மூன்றாவது வருடம். தை பிறந்தால் அவளுக்கு இருபத்தொன்று முடிகிறது. இருபத்தொன்று முடிந்தவர் எழுத முடியாது. இன்றைக்கு ஒரு மணிக்குள் இந்தத் திரை திறந்தால் உண்டு. இல்லாவிட்டால் சாமைக் காட்டில் களை எடுக்கப் போக வேண்டியதுதான்.

செந்தமிழ்ச்செல்வி பதறாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இணையம் இருக்கிறதா? இருக்கிறது, கூரை மேல் கம்பத்தில் கட்டிய சிம் பெட்டி வழியாகச் செய்திப் பக்கம் ஒன்று திறக்கிறது, மெதுவாக, ஆனாலும் திறக்கிறது. அலுவலக வலையமைப்புக்குள் போகும் தனிப்பாதை, விபிஎன் என்பார்களே, அது? பச்சை விளக்கு காட்டுகிறது. சர்வரின் எண்ணைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தாள். ‘இருக்கேன்’ என்று பதில் வந்தது, நாலு முறை கேட்டதற்கு நாலு முறையும். ஆக, பாதை இருக்கிறது. போகிற வீடு இருக்கிறது. வீட்டில் ஆளும் இருக்கிறார். அப்புறம் எதற்கு இந்தக் கெடிலம்?

அது யார் என்று மட்டும் தெரியும். தலைமை அலுவலகத்தில் இருப்பது ஒரு சர்வர் இல்லை, மூன்று. ஒன்று படுத்தால் மற்றவை தாங்கும் என்று மாசி மாதம் வாங்கி ஒன்றோடொன்று கோத்துவிட்டது. அவளுக்கு முன்னால் இருந்த இன்ஜினியர் அவற்றுக்கு ஆறுகளின் பெயர் வைத்துவிட்டுப் பெங்களூருக்குப் போய்விட்டான்: கோமுகி, மணிமுக்தா, கெடிலம். மூன்றிலும் ஒரே விவரம்தான். ஆனால் மூன்றில் ஒன்றுதான் தலை. புதிதாக எதை எழுதினாலும் தலையிடம்தான் எழுத வேண்டும். மற்ற இரண்டும் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும். ‘வெளியூர்க் கணினிகளுக்குப் பெயரெல்லாம் வேண்டாம், கோமுகியின் எண்ணை மட்டும் கொடு, போதும்’ என்று அவன் எழுதி வைத்துவிட்டுப் போனான். இவளும் அப்படியே கொடுத்தாள். இரண்டு வாரத்துக்கு முன் இதே கூடத்தில் சோதித்தபோது வெண்ணெயாக ஓடியது. நேற்று மறுபடியும் சோதித்தாள், அப்போதும் ஓடியது.

நேற்று சோதித்தது கள்ளக்குறிச்சி அலுவலகத்துக்குள் உட்கார்ந்து. அந்த வித்தியாசம் அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

பத்தரை ஆனது. கைபேசிக்கு அந்த வட்டாரத்தில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில், கூடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி அருகில். அங்கே போய் நின்று அறிவுச்செல்வனைக் கூப்பிட்டாள். அறக்கட்டளையின் மேலாளர் அவர்.

“சார், மலை சென்டர் இன்னும் தொடங்கல.”

“இங்க நல்லாப் போய்க்கினு இருக்கேம்மா. அறுபத்திரண்டு பேரும் எழுத ஆரம்பிச்சிட்டாங்க. அப்போ கோளாறு ஒன் பக்கம்தான்.”

“கெடிலத்தக் காணோம்னு சொல்லுது சார். நாம கோமுகி நம்பருக்குத்தான போறோம். அது எதுக்கு நடுவுல வருதுன்னு பாக்கணும்.”

“இன்னா பேரோ போ. நான் அப்பவே சொன்னேன், மலைல இதெல்லாம் சரிப்படாதுன்னு. ஒரு மணி வரைக்கும் பாரு. ஆவலன்னா ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் குடுத்து அனுப்பிடு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

“ஒரு பொண்ணுக்கு அடுத்த வருசம் வயசு தாண்டிடும் சார்.”

“ஒரு பொண்ணுதான?”

சிக்னலே வெட்கப்பட்டுப் போனது போல இணைப்பு அறுந்தது. செந்தமிழ்ச்செல்வி தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நாலு வார்த்தை சொன்னாள். அச்சில் வர முடியாத வார்த்தைகள். தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மாடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தது.

கோபத்திலும் ஒரு நன்மை உண்டு. மூளை ஒரு பக்கமாக ஓடும். இரண்டு வாரத்துக்கு முன் ஓடியது, இன்று ஓடவில்லை. இடையில் என்ன நடந்தது? இடையில் நடந்தது ஆயுத பூஜை.

புதன்கிழமை சாயங்காலம் அறிவுச்செல்வன் மூன்று சர்வரையும் நிறுத்தச் சொன்னார். “சார், இது நிறுத்தற மெஷின் இல்ல” என்று அவள் மல்லுக்கு நின்றாள். “ஏரு கலப்பைக்கே ஒரு நாள் ஓய்வு உண்டு. ஒன் மெஷின் இன்னா அதுக்கும் மேலயா?” என்றார். அவளும் நிறுத்திவிட்டாள். அவள் அப்பாவும் அன்றைக்கு மண்வெட்டியைக் கழுவிப் பொட்டு வைத்துச் சாத்திவிட்டு, மறுநாள் பூசை ஆகும் வரை தொட மாட்டார். வாங்கின பிறகு அந்தச் சர்வர்கள் மூச்சை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. மறுநாள் விடுமுறை, அவள் ஊரில் இருந்தாள். பூசை போட்டு மறுபடி ஓடவிட்டது அலுவலக உதவியாளர் செல்லமுத்து.

அவரைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, செந்தமிழ்ச்செல்வி பேசறேன். விஜயதசமி அன்னிக்கு மெஷினப் போட்டீங்கள்ல, எத மொதல்ல போட்டீங்க?”

“இன்னாம்மா கேள்வி இது? கெழக்கால இருக்கறதத்தான். நல்ல காரியத்தக் கெழக்க வச்சுத்தான தொடங்கணும். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் சுத்தி நசுக்கி, தொட்டுக் கும்புட்டுட்டுப் போட்டேன். அஞ்சு நிமிசம் கழிச்சு அடுத்தது, அப்புறம் கடைசியா மேற்கால கீறது. இன்னா, எதுனா ஆயிப்போச்சா?”

“கெழக்கால இருக்கறது எதுண்ணே?”

“மேல பேரு ஒட்டிக்கீதே. தோ, கெடிலம்.”

செந்தமிழ்ச்செல்வி தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் எழுந்தவன் தலை. மாசியிலிருந்து கோமுகி தலையாக இருந்தது, ஏனென்றால் அன்றைக்கு அதைத்தான் முதலில் போட்டார்கள். இப்போது கிழக்குத் திசையின் புண்ணியத்தில் கெடிலம் தலை. மலைக் கணினி வழக்கம்போலக் கோமுகியின் கதவைத் தட்டுகிறது. கோமுகியும் மரியாதையாகத்தான் சொல்கிறது: ‘நான் இப்போ தலை இல்லை, கெடிலத்தைப் போய்ப் பாரு.’ எண்ணைச் சொல்லவில்லை, பெயரைச் சொல்கிறது. கள்ளக்குறிச்சி அலுவலகத்துக்குள் கெடிலம் என்றால் எல்லா இயந்திரத்துக்கும் தெரியும். அங்கே பெயருக்கு எண் சொல்லும் பட்டியல் இருக்கிறது. மலையில் இருக்கும் கணினி யாரைக் கேட்கும்? சிம் கம்பெனிக்காரனின் பட்டியலைக் கேட்கும். அவனுக்கு உலகத்தில் உள்ள எல்லாப் பெயரும் தெரியும், இந்த ஒரு பெயர் தெரியாது.

இந்த அனுபவம் அவளுக்குப் புதிதா என்ன? முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக ஒரு அலுவலகத்தில் ஆறு நாள் அலைந்தாளே, அங்கேயும் இதேதான். முதல் மேசையில், “விஜயலட்சுமி மேடத்தப் பாரும்மா” என்பார்கள். விஜயலட்சுமி மேடம் எந்த அறை, எந்த மேசை, சிவப்புச் சேலையா பச்சைச் சேலையா, ஒன்றும் சொல்ல மாட்டார்கள். உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு அது தெரியும். அதனால் ஊருக்கே தெரியும் என்று நினைப்பு. பெயரைச் சொன்னால் வழி சொன்னதாக ஆகிவிடாது என்று அந்த ஆறு நாளில் கற்றுக்கொண்டவள், அதையே தன் வேலையில் கவனிக்காமல் விட்டுவிட்டாள். நேற்று சோதனையை வெளியே எங்காவது வைத்துச் செய்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். அலுவலகத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, ‘எல்லாம் சரி’ என்று டிக் அடித்தது அவள்தான். அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது? காட்ட ஆளில்லாமல் விழுங்கினாள்.

“மெஷின நிறுத்திப் போடட்டாம்மா?” அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் செல்லமுத்து இன்னும் இணைப்பில் இருந்தார். “கெடிலத்த அமத்திட்டா உன் கோமுகி தலைக்கு வந்துடும்ல?”

ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. மறு கணம், “ஐயோ, கைய வைக்காதீங்கண்ணே!” என்று கத்தினாள். “அங்க அறுபத்திரண்டு பேரு எழுதிக்கினு இருக்காங்க. பாதில புடுங்கி வுட்டா அவங்க கதி?” மலைக்கு வழி திறக்கிறேன் என்று கீழே இருப்பவர்களின் வழியை அடைப்பதா? அவர்களிலும் முக்கால்வாசிப் பேர் அவளைப் போல வீட்டுக்கு முதல் ஆள்.

வேறு வழி இருக்கிறது. ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஒரு சின்னக் கோப்பு உண்டு. அதில் பெயரும் நேரே எண்ணும் எழுதி வைத்தால், வெளியே போய் யாரையும் விசாரிக்கும் முன் கணினி அதைத்தான் பார்க்கும். மூன்று வரி போதும்.

“அண்ணே, மூணு மெஷின் மேலயும் நம்பர் ஒட்டிக்கீதுல்ல, ஒவ்வொன்னாப் படிங்க.”

கோமுகி சரி. மணிமுக்தா சரி. கெடிலத்தில் செல்லமுத்து தடுமாறினார்.

“கடைசி நம்பர் மேல பொட்டு கீதும்மா. குங்குமம் நல்லாக் கட்டியா வச்சிட்டேன்.”

“அழிச்சிட்டுப் படிங்க.”

“வச்ச பொட்ட அழிக்கறதா? அடுத்த வெள்ளி வரைக்கும் கையே வைக்கக் கூடாது.”

“அண்ணே, இங்க ஒரு பொண்ணு மூணாவது வருசமா வந்து ஒக்காந்துக்கினு கீது. நீங்க அழிக்கலன்னா அதோட கதைய அழிச்சிடுவாங்க.”

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. “சாமி, தப்பா எடுத்துக்காத” என்று அவர் இயந்திரத்திடம் சொல்வதும், துண்டால் தேய்ப்பதும் கேட்டது. “ஏழும்மா. ஏழு. பக்கத்துலயே வேற பொட்டு வச்சுடறேன், போ.”

கூடத்துக்கு ஓடி வந்து அந்த எண்ணைத் தட்டிக் கூப்பிட்டாள். ‘இருக்கேன்’ என்றது கெடிலம். வீடு தெரிந்துவிட்டது. இனி எழுத வேண்டியதுதான். கோப்பைத் திறந்து மூன்று வரி எழுதிச் சேமிக்கப் போனால், கணினி நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டது.

அதுவும் அறிவுச்செல்வன் வேலைதான். யாரும் எதையும் மாற்றிவிடக் கூடாது என்று போன மாதம் எல்லா மடிக்கணினிக்கும் தானே ஒரு கடவுச்சொல் போட்டு வைத்துக்கொண்டார். கணினிப் பிரிவுக்கே சொல்லவில்லை. மணி பதினொன்று நாற்பது.

மறுபடி தொட்டி. இந்த முறை அவள் பின்னாலேயே வளர்மதி வந்தாள், அவள் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். ஜீப் ஓட்டி வந்த அய்யப்பனும் பீடியை அணைத்துவிட்டு வந்து நின்றான். மூன்று முறை கூப்பிட்ட பிறகு அறிவுச்செல்வன் எடுத்தார்.

“சார், கோளாறு புரிஞ்சிடுச்சு. பாஸ்வேர்டு சொல்லுங்க, பத்து நிமிசத்துல தொடங்கிடலாம்.”

“பாஸ்வேர்ட போன்ல சொல்றதா? பாதுகாப்புன்னு ஒன்னு இல்லயா? படிச்ச பொண்ணுதான நீ?”

“படிச்சதாலதான் சார் இன்னா செய்யணும்னு தெரியுது. பரீட்ச முடிஞ்சதும் மாத்திக்கங்க.”

“அதெல்லாம் சரிப்படாது. விட்டுடு. நான் குழுவுக்குச் சொல்லிக்கறேன். மலைல நெட்வொர்க் இல்லன்னு எழுதிக்கலாம்.”

“நெட்வொர்க் இருக்கு சார்.”

“இல்லன்னு எழுதிக்கலாம்னு சொல்றேன்.”

செந்தமிழ்ச்செல்வி ஒலிபெருக்கியை அழுத்தினாள். “அப்போ ஒன்னு பண்ணுங்க சார். நெட்வொர்க் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். எழுத வந்தவங்க பக்கத்துலதான் நிக்கறாங்க. நீங்களே சொல்லிடுங்க.” கைபேசியை வளர்மதியிடம் நீட்டினாள்.

வளர்மதி அதை வாங்கவில்லை, குனிந்து வாயை மட்டும் அருகில் கொண்டுபோனாள்.

“வணக்கம் சார். வளர்மதி, ஈச்சங்காடு. மொத வருசம் மரம் வுழுந்துச்சுன்னாங்க, சரின்னு போய்ட்டேன். ரெண்டாவது வருசம் எம் பேரு இல்லன்னீங்க, சரின்னு போய்ட்டேன். இந்த வருசம் இன்னா காரணம்னு சொல்லுங்க சார். வூட்ல கேப்பாங்க.”

மறுமுனையில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

“சார், லைன்ல கீறீங்களா?”

“செல்வி கிட்ட குடும்மா.”

“ஸ்பீக்கர்தான் சார்” என்றாள் செந்தமிழ்ச்செல்வி. “எல்லாருக்கும் கேக்குது.”

“ஒன்னுல இருந்து எட்டு வரைக்கும்.”

“இன்னா சார் ஒன்னுல இருந்து எட்டு?”

“பாஸ்வேர்டும்மா! ஒன்னு, ரெண்டு, மூணு... வரிசையா எட்டு வரைக்கும். வெளிய யாருக்கும் சொல்லித் தொலைக்காத.”

இணைப்பு அறுந்ததா, அவர் அறுத்தாரா, தெரியவில்லை. தொட்டியைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தார்கள். அய்யப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான். “எங்க வூட்டுச் சின்னது போன்ல வச்சிக்கீற நம்பரும் அதாங்க” என்றான். செந்தமிழ்ச்செல்விக்கும் அடக்க முடியவில்லை. கணினி கேட்டவுடனேயே தானே தட்டிப் பார்த்திருக்கலாம்; ஒரு மேலாளர் அப்படியும் வைப்பார் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதுவரைக்கும் அவர் மேல் அவளுக்கு மதிப்பு இருந்திருக்கிறது!

வளர்மதியின் மேசையில்தான் முதலில் உட்கார்ந்தாள். ஒன்று முதல் எட்டு. கோப்பு திறந்தது. மூன்று எண், நேரே மூன்று பெயர். சேமித்தாள். பரீட்சைப் பக்கத்தை மூடித் திறந்தாள்.

திரை வெள்ளையானது. வெள்ளையாகவே இருந்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. பின்னால் நின்றவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

‘வணக்கம் வளர்மதி. தொடங்க இங்கே அழுத்தவும்.’

செந்தமிழ்ச்செல்வி எழுந்து வளர்மதிக்கு இடம் விட்டாள்.

“எம் பேரு வருதுக்கா” என்றாள் வளர்மதி. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

“வந்துடுச்சுல்ல. அழுத்து. வேடிக்க பாக்காத, நேரம் ஓடுது.”

சரியான கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு மேசை மேசையாக நகர்ந்தாள். ஒன்று முதல் எட்டு, ஒட்டு, சேமி, திற. ஒவ்வொரு திரை திறக்கும்போதும் ஒரு முதுகு நிமிர்ந்தது. ஐந்தாவது மேசைப் பையன் தொடங்கும் முன் கண்ணை மூடி முணுமுணுத்தான். அவனை ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டாவது கணினி மட்டும் முரண்டு பிடித்தது. பார்த்தால் தனிப்பாதை இணைப்பே போடவில்லை. போட்டதும் வழிக்கு வந்தது. பதினெட்டாவது திரை திறந்தபோது மணி பன்னிரண்டு முப்பத்தொன்பது.

கூடத்தில் விசைப்பலகைச் சத்தம் மட்டும் மிஞ்சியது, ஓட்டுக் கூரையில் தூறல் விழுவதுபோல. சுவரோரம் கிடந்த நாற்காலியில் செந்தமிழ்ச்செல்வி உட்கார்ந்தாள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அய்யப்பன் சத்தமில்லாமல் ஒரு சொம்பை நீட்டினான். குடித்தாள். மலைத் தண்ணீர் நெஞ்சு வரைக்கும் குளிர்ந்தது.

ஒன்றரை மணி நேரப் பரீட்சை. அந்த ஒன்றரை மணி நேரமும் அவள் இணைப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை. இடையில் அதே இணையத்தில் அறிவுச்செல்வனிடமிருந்து ஒரு செய்தி வந்தது: ‘தொடங்கிட்டாங்களா?’ ‘பதினெட்டுப் பேரும் சார்’ என்று அனுப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் ஒரு கட்டைவிரலை அனுப்பினார். அதைப் பார்த்ததும் திட்ட வாயெடுத்தாள். ஆனால் திட்டுவதற்கு வேண்டிய சூடு உடம்பில் இல்லை. போகட்டும். திங்கட்கிழமை திட்டிக்கொள்ளலாம்.

ஒன்றரை மணிக்கு மேல் ஒவ்வொருவராக எழுந்தார்கள், கடைசி ஆள் இரண்டு மணி தாண்டி. கடைசி விடை போன பிறகும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. தொட்டிக்குப் போய்ச் செல்லமுத்துவைக் கூப்பிட்டு, அலுவலகத் திரையில் மலை மையம் என்ற வரிசையை எண்ணச் சொன்னாள். அவர் சத்தமாக எண்ணினார், பேரோடு. பதினொன்றாவதாக, “வளர்மதி, ஈச்சங்காடு, வந்துடுச்சு” என்றார். “பதினெட்டும் கீதும்மா. ஒன்னுகூட கம்மி இல்ல.”

“இன்னொரு வாட்டி எண்ணுங்கண்ணே.”

“ஏம்மா, என்ன இன்னா கண்ணு தெரியாதவன்னு நெனச்சிக்கினியா?” என்றார். ஆனால் எண்ணினார். பதினெட்டுத்தான்.

கூடத்துப் பின்கட்டில் வந்தவர்களுக்கு ஊர்ப் பெண்கள் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் வைத்திருந்தார்கள். ஆறிப்போயிருந்தது. செந்தமிழ்ச்செல்வி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். அவள் சாப்பிடும் வேகத்தைப் பார்த்து வளர்மதி தன் இலையில் இருந்த வறுத்த மோர் மிளகாயையும் இவள் இலைக்குத் தள்ளினாள்.

“எப்புடி எழுதிக்கீற?” என்று கேட்டாள் செந்தமிழ்ச்செல்வி.

“பாஸாவியான்னு கேக்கறியாக்கா?”

“கேக்கல. எப்புடி எழுதினன்னு கேட்டேன்.”

வளர்மதி சோற்றைப் பிசைந்தாள். “கணக்கு நாலு தெரியல. மிச்சம் தெரிஞ்சுது. கெடைக்கலன்னா கெடைக்கல. ஆனா இந்த வாட்டி நானே எழுதி நானே தோத்ததா இருக்கும்ல? மரம் வுழுந்துச்சு, பேரு இல்ல, மெஷின் வரலன்னு சொல்லிக்கினு கெடக்க வேணாம்.”

செந்தமிழ்ச்செல்வி குழம்புச் சட்டியை அவள் பக்கம் தள்ளினாள்.

ஈச்சங்காட்டுக்குப் போகிறவர்கள் ஐந்து பேர் பேசிச் சிரித்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினார்கள். வளர்மதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் போனவளிடம் அந்த நாலு கணக்குக்கும் விடை கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டே போனாள். மடிக்கணினிகளை அட்டைப் பெட்டியில் அடுக்கி ஜீப்பில் ஏற்றிவிட்டு, செந்தமிழ்ச்செல்வி முன் இருக்கையில் சாய்ந்தாள்.

“கச்சிராயபாளையத்துல டீ குடிச்சிட்டுப் போலாங்களா?” என்று அய்யப்பன் வண்டியைக் கிளப்பிக்கொண்டே கேட்டான்.

முதல் வளைவு திரும்பும் முன்பே அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போயிருந்தாள்.